பலகை பேசும், வகுப்பறை கேட்குமா?

மனிதனை ஏனைய உயிர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது மொழியே என்பர் அறிஞர். ஆனால் அம்மொழி நாவின் வழியாக மட்டுமே வெளிப்படும் என்றும் நாம் நம்பிவிட்டோம். அதனால் நாவும் உதடும் தாடையும் மூச்சும் ஒத்துழைக்காத ஒரு குழந்தையைக் கண்டால், அதற்கு மொழியும் இல்லை, அறிவும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். "இவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று அவன் எதிரிலேயே சொல்கிறோம். அவனோ அதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறான்!

படப் பலகை, எழுத்துப் பலகை, பேசும் கருவி ஆகியவற்றின் துணையால் இத்தகைய குழந்தைகள் பேசவும் கற்கவும் முடியும் என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை. ஆயினும் கருவியை வாங்கி மேசைமேல் வைத்தவுடன் பேச்சு பிறந்துவிடுவதில்லை. எதிரில் இருப்பவர் அக்கருவியின் மொழியைத் தாமும் பேசி, விடை வரும்வரை காத்திருக்கக் கற்றால்தான் அது பேச்சாகும். நம் கல்லூரியில் பயில்வோருள் பலர் நாளை ஆசிரியப் பணிக்குச் செல்ல இருப்பவர்கள். மற்றவர்கள் பெற்றோராக, அண்டை வீட்டாராக இக்குழந்தைகளைச் சந்திக்க இருப்பவர்கள். ஆகவே இதனை அறிந்துகொள்வது நம் அனைவருக்கும் பயன் தரும்.

யார் இக்குழந்தைகள்?

பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பால் தசைகள் கட்டுக்குள் அடங்காமற் போவதை மூளை முடக்குவாதம் என்கிறோம். கை கால்களைப் போலவே பேச்சுத் தசைகளும் இதனால் பாதிக்கப்படலாம். அறிவாற்றல் பாதிக்கப்பட்டிருக்கலாம், சிறிதும் பாதிக்கப்படாமலும் இருக்கலாம். முகத்தைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுள் சிலருக்கும், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுள் சிலருக்கும் வாய்ப்பேச்சு வருவதில்லை. அல்லது பிறர் விளங்கிக்கொள்ளும் அளவுக்கு வருவதில்லை. செவித்திறன் குறைந்தோர் பயன்படுத்தும் சைகை மொழி தனக்கென இலக்கணம் உடைய முழுமையான மொழி. அது தனியே எழுதத் தக்க பொருள். இங்கே நாம் காண்பது, காது கேட்டும் வாய் பேச இயலாத பிள்ளைகளைப் பற்றியே.

ஆங்கில விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கை நாம் அறிவோம். 1985இல் தொண்டையில் செய்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் குரலை முற்றிலும் இழந்தார். தொடக்கத்தில் ஒருவர் எழுத்தட்டையில் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வர, தமக்கு வேண்டிய எழுத்து வந்ததும் அவர் புருவத்தை உயர்த்துவார். பிறகுதான் கணிப்பொறிக் குரல் வந்தது. அவர் பெரியவரான பின் பேச்சை இழந்தவர். சொற்களும் வாக்கியங்களும் முன்பே அவரிடம் இருந்தன. நாம் பேசும் குழந்தையோ ஒரு நாளும் பேசிப் பழகாதது. அதற்குப் பலகை மட்டும் போதாது; பலகையில் எப்படிப் பேசுவது என்பதையும் யாரேனும் பேசிக் காட்ட வேண்டும்.

படம் மொழியான கதை

சார்லஸ் பிளிஸ் என்பவர் 1897இல், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்த செர்னோவிட்ஸ் நகரில் பிறந்த யூதர். வேதியியல் படித்த பொறியாளர். நாஜிகளின் வதை முகாம்களில் அடைபட்டு, விடுதலையாகி, ஷாங்காய் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். வெவ்வேறு வட்டார வழக்குகளைப் பேசும் சீனர்கள் ஒரே எழுத்தைப் படித்துப் பொருள் கொள்வது அவரை வியப்பில் ஆழ்த்தியது. உலக மாந்தர் அனைவரும் படிக்கத்தக்க குறியீடுகளைப் படைத்தால் மொழிப் பகை ஒழியும் என்று அவர் எண்ணினார். ஆஸ்திரேலியாவில் குடியேறி 1949இல் அக்குறியீடுகளை நூலாக வெளியிட்டார். உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

1971இல் கனடா நாட்டின் டொரான்டோ நகரில், ஷெர்லி மக்நாட்டன் என்ற ஆசிரியை, பேச இயலாத தம் மாணவர்களுக்கு ஏற்ற வழியைத் தேடிக்கொண்டிருந்தார். வெறும் படங்களால் 'தண்ணீர்', 'பந்து' என்று காட்ட முடிந்தது. 'நேற்று', 'ஏன்', 'பயம்' என்பவற்றைக் காட்ட முடியவில்லை. பிளிஸ் குறியீடுகளில் இவற்றுக்கும் வடிவம் இருந்தது. அவற்றைப் பலகையில் எழுதி வைத்ததும் மாணவர்கள் தாமாகவே சொற்களை இணைத்துப் புதிய பொருள் சொல்லத் தொடங்கினர். உலக அமைதிக்கென்று பிறந்த ஒரு மொழி, வகுப்பறையின் மூலையில் அமர்ந்திருந்த பிள்ளைகளின் மொழியாயிற்று. 1983இல் இத்துறைக்கென உலக அமைப்பொன்றும் தோன்றியது.

நம் நாட்டில்

இந்தியாவில் இந்தப் பணிக்கு அடித்தளமிட்டோர் தாய்மாரே. மூளை முடக்குவாதம் உள்ள மகளின் தாயான மிது ஆலூர் 1972இல் பம்பாயில் இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கத்தைத் தொடங்கினார். அம்மகள் மாலினி சிப் பின்னாளில் பட்டங்கள் பெற்று, ஒரே விரலால் தட்டச்சு செய்து தம் வரலாற்றை நூலாக எழுதினார். சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் இத்தகைய பள்ளியொன்றைத் தொடங்கினார். ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் என்ற பெயரில் தோன்றிய அது இன்று வித்யாசாகர் என்று வழங்குகிறது. படப் பலகைகளையும் எழுத்துப் பலகைகளையும் நம் குழந்தைகளுக்கு ஏற்ப வகுத்துக் கையாண்ட முன்னோடிகளுள் ஒன்று அந்நிறுவனம். முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கப்பெற்ற நடுவண் அரசின் பன்முகக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இத்துறையில் பயிற்சி அளித்து வருகிறது.

வெளிநாட்டுப் பேசும் கருவிகள் லட்சக்கணக்கில் விலை உடையவை. நம் மொழிகளையும் அறியாதவை. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், வித்யாசாகர் ஆசிரியர்களுடன் சேர்ந்து உழைத்து 'ஆவாஸ்' என்னும் கருவியை உருவாக்கினார். ஆவாஸ் என்றால் இந்தியில் குரல் என்று பொருள். தனிக் கருவியாக வந்த அது பின்னர்க் கையடக்கக் கணினியில் இயங்கும் செயலியாயிற்று. குழந்தை படங்களைத் தொட்டால் கருவி அதை வாக்கியமாக ஒலிக்கும்.

பலகை எவ்வாறு இயங்குகிறது?

விரலால் தொடக்கூடிய குழந்தைக்கு முறை எளிது: படத்தைத் தொட வேண்டியதுதான். கை கட்டுப்படாத குழந்தை கண்ணால் காட்டும். கண்ணாடி போன்ற தெளிந்த தாளின் நான்கு மூலைகளில் படங்களை ஒட்டி ஆசிரியர் எதிரே பிடித்தால், குழந்தை எந்த மூலையை நோக்குகிறது என்பது மறுபுறமிருந்து தெரியும்.

நான்கு வரிசையும் வரிசைக்கு ஆறு கட்டமும் கொண்ட ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 24 சொற்கள். ஒவ்வொன்றாக "இதுவா, இதுவா" என்று கேட்டுப் போனால் 24 கேள்விகள் வரை கேட்க நேரிடும். மாறாக, "முதல் வரிசையா? இரண்டாம் வரிசையா?" என்று கேட்டு, வரிசை தெரிந்ததும் அதனுள் உள்ள ஆறு கட்டங்களைக் கேட்டால், மிகுதியாகப் போனாலும் பத்துக் கேள்விகளில் சொல் கிடைத்துவிடும். 'ஆம்' என்பதற்கு மேல் நோக்கும் பார்வை, 'இல்லை' என்பதற்குத் தலையைத் திருப்புதல் என இரண்டே அடையாளங்கள் போதும்.

எழுத்தறிந்த பிள்ளைக்கு எழுத்துப் பலகையே சிறந்தது. அதில் சொல்ல முடியாதது எதுவுமில்லை. தமிழில் 247 எழுத்துகளுக்கும் கட்டம் போட்டால் பலகை கதவளவு ஆகிவிடும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 கட்டங்கள் போதும். 'க்', 'ஆ' என இரண்டைத் தொட்டால் 'கா'. ஆனால் 'பசிக்கிறது' என்று முழுதாகச் சொல்ல 11 முறை தொட வேண்டும். 'பசி' என்று நிறுத்தினால் நான்கு முறைதான். இலக்கணம் நிரம்பிய வாக்கியத்தை வற்புறுத்தும் ஆசிரியர், ஏழு தொடுதல்களைத் தண்டனையாக விதிக்கிறார் என்பதை உணர வேண்டும்! குழந்தை 'பசி' என்றால் ஆசிரியர் "பசிக்குதா? இதோ மணி அடிக்கப் போறாங்க" என்று முழு வாக்கியத்தில் தாமே மறுமொழி சொல்லலாம். செம்மையான வடிவமும் குழந்தையின் காதில் விழுந்துவிடும்.

எந்தச் சொற்களை வைப்பது?

பெரும்பாலான பலகைகள் 'தண்ணீர்', 'சாப்பாடு', 'கழிப்பறை' என்ற மூன்றோடு நின்றுவிடுகின்றன. பேச்சு இதற்கு மட்டுமா? ஜானிஸ் லைட் என்ற அறிஞர் 1988இல், மனிதர் பிறரோடு தொடர்பு கொள்வது நான்கு நோக்கங்களுக்காக என்று வகுத்தார்: தேவையைச் சொல்ல, செய்தியைப் பரிமாற, நட்புப் பாராட்ட, மரியாதை காட்ட. வகுப்பறையில் நாள் முழுதும் நடப்பது இரண்டாவது. ஓய்வு வேளையில் நடப்பது மூன்றாவது. காலை வணக்கம் நான்காவது. முதல் நோக்கத்துக்கு மட்டும் சொல் கொடுத்துவிட்டு, 'இவன் எதையும் கற்கவில்லை' என்பது என்ன நியாயம்?

எங்கும் பயன்படும் சிறு சொற்களே பலகையின் உயிர். ஆங்கிலத்தில் நடந்த ஆய்வுகள், அன்றாடப் பேச்சின் பெரும் பகுதி சில நூறு சொற்களாலேயே ஆனது என்று காட்டின. தமிழிலும் 'நான்', 'எனக்கு', 'வேணும்', 'வேண்டாம்', 'இன்னும்', 'போதும்', 'ஏன்', 'எங்கே', 'புரியலை', 'பிடிக்கலை' ஆகியவை கணக்குப் பாடத்திலும் பயன்படும், கபடி ஆட்டத்திலும் பயன்படும். ஆங்கிலப் பலகையை அப்படியே பெயர்த்தெழுதுவதும் தவறு. ஆங்கிலத்தில் 'நான்' என்ற ஒரு சொல்லோடு தொடங்கும் வாக்கியம் தமிழில் சில வேளை 'நான்' என்றும் சில வேளை 'எனக்கு' என்றும் தொடங்கும். வினை கடைசியில் வரும். கட்டங்களும் அந்த ஒழுங்கிலேயே இடமிருந்து வலமாக அமைய வேண்டும்.

ஊர்ச் சொற்களும் வேண்டும். நம் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் வளரும் சிறுமியை எண்ணிப் பாருங்கள். அவள் பலகையில் பனிமனிதன் எதற்கு? மாம்பழம், தட்டுவடை செட், டவுன் பஸ், ஏற்காடு, கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை ஆகியவை இருந்தால் திங்கட்கிழமை காலையில் தோழியரிடம் சொல்ல அவளுக்குச் செய்தி இருக்கும். அம்மாப்பேட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குத் தறியும், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைக்கு லாரியும் கோழிப் பண்ணையும் வேண்டும். வீட்டில் 'அம்மாயி' என்று அழைக்கும் பிள்ளைக்குப் பலகையில் 'பாட்டி' என்று எழுதித் தந்தால், அது யாரோ ஒரு பாட்டியாகத்தான் இருக்கும். பேசும் கருவியின் குரலும் வானொலிச் செய்தி போல் ஒலிக்க வேண்டியதில்லை. குரலைப் பதிவு செய்யும் வசதி இருந்தால், அதே வயதுடைய ஒரு மாணவி பேச்சு வழக்கில் பேசிப் பதிவு செய்யலாம்.

இரண்டு கட்டங்கள் எந்தப் பலகையிலும் விடுபடக் கூடாது. ஒன்று, 'நான் ஒண்ணு சொல்லணும்'. மற்றொன்று, 'நான் சொன்னது அது இல்லை'. முன்னது இல்லையேல் குழந்தை பிறர் கேட்கும்போது மட்டுமே பேச முடியும். பின்னது இல்லையேல் நாம் தவறாக விளங்கிக்கொண்டதே அதன் கருத்தாகிவிடும். 'வலிக்குது', 'என்னைத் தொடாதே', உடல் உறுப்புகளின் பெயர்கள் ஆகியவையும் கட்டாயம் வேண்டும். தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லச் சொல்லில்லாத பிள்ளையைத்தான் தீயவர்கள் தேடுவார்கள்.

வகுப்பறையின் பங்கு

வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. சொல்லாமலே அறிவது நம் பண்பாட்டில் உயர்ந்த குணம். பேசாத பிள்ளையின் தாய் அதில் கைதேர்ந்தவள். ஆனால் இந்தக் குணமே ஒரு தடையாகவும் ஆகிவிடுகிறது. அனைவரும் குறிப்பறிந்து அனைத்தையும் செய்துவிட்டால், குழந்தைக்குச் சொல்ல வேண்டிய தேவையே எழுவதில்லை. முகக் குறிப்பால் பசியை அறியலாம். 'இந்தக் கதையில் ராஜா செய்தது தப்பு' என்ற கருத்தை அறிய முடியாது. அதற்குக் குழந்தையின் சொல்லே வேண்டும்.

முதற்பணி, ஆசிரியர் தாமும் பலகையைத் தொட்டுப் பேசுவது. "இன்னும் ஒரு பூ வரைவோமா?" என்று வாயால் கேட்கும்போதே 'இன்னும்', 'பூ' ஆகிய கட்டங்களைத் தொட வேண்டும். பேசும் குழந்தை முதற்சொல் சொல்வதற்கு முன் ஓராண்டுக் காலம் பேச்சைக் கேட்கிறது. பலகைக் குழந்தை தன் மொழியை யாரும் பேசிக் கண்டதே இல்லை. முதல் வாரத்திலேயே அது பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு பேதைமை!

இரண்டாவது, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிஞர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடியே காத்திருக்கின்றனர் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பேசும் மாணவர்களின் விடைகளே நீண்டன, செறிந்தன. நாம் நிமிடத்துக்கு நூறு சொற்களுக்கு மேல் எளிதாகப் பேசுகிறோம். பலகையில் பேசுவோர் பதினைந்தைத் தொடுவதே அரிது. ஆகவே மூன்று விநாடியும் அவர்களுக்குப் போதாது. இதற்கு ஒரு வழி, கேள்வியை முன்கூட்டியே தருவது. "மழை எப்படி உண்டாகுதுன்னு நாளைக்கு உன்னைக் கேட்பேன்" என்று சொல்லிவிட்டால், குழந்தை விடையை ஆயத்தம் செய்துகொண்டு வரும்; வகுப்பும் நின்றுபோகாது.

மூன்றாவது, 'ஆம், இல்லை' என்ற விடைக்குள் அடங்காத கேள்விகளையும் கேட்பது. "மழை பிடிக்குமா?" என்பதோடு நில்லாமல் "மழை வந்தா என்ன செய்வே?" என்றும் கேட்க வேண்டும். விடை வந்ததும் அதை வகுப்பு முழுவதும் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இது முடியுமா என்று கேட்கலாம். வருகைப் பதிவிலிருந்து தொடங்கலாம். ஒரே ஒரு வாக்கியத்தைப் பதிந்து வைக்கும் பொத்தான் கருவியில் ஒரு தோழனின் குரலில் "உள்ளேன் ஐயா" என்று பதிவு செய்து கொடுத்தால், பெயர் அழைக்கும்போது அக்குழந்தை தானே பொத்தானை அழுத்தி விடை சொல்லும். அந்த இரண்டு சொற்கள் அதை வகுப்பின் உறுப்பினன் ஆக்கும்.

நான்காவது, தோழர்கள். பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவில் பலகை மொழியைக் கற்பார்கள் என்பது இத்துறையினர் பலரின் அனுபவம். ஆனால் ஒரே தோழனை நிரந்தர உதவியாளாக்கிவிட்டால் நட்பு வேலையாகிவிடும். முறை வைத்து மாற்ற வேண்டும். பலகையும் குழந்தையுடனேயே இருக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி உடைந்துவிடும் என்று பீரோவில் பூட்டி வைப்பது, குழந்தையின் வாயைப் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும். கருவி பழுதானாலும் மின்னேற்றம் தீர்ந்தாலும் கைகொடுக்க, அட்டையில் ஒட்டிய காகிதப் பலகையொன்று எப்போதும் பையில் இருத்தல் நலம்.

சில ஐயங்கள்

"படத்தைக் காட்டிப் பழகிவிட்டால் வரக்கூடிய பேச்சும் வராமல் போய்விடாதா?" என்பது பெற்றோர் பலரின் அச்சம். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு இதை ஆராய்ந்தது. நம்பத்தக்க சான்றுள்ள நேர்வுகளில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை; பெரும்பாலோரிடம் சிறிதளவேனும் கூடியிருந்தது. ஆகவே 'இன்னும் இரண்டு வருடம் பார்ப்போம்' என்று காத்திருந்து மொழி வளரும் பருவத்தை வீணாக்குதல் கூடாது.

மற்றொரு பக்கம் எச்சரிக்கையும் தேவை. குழந்தையின் கையை உதவியாளர் பிடித்து எழுத்துகள்மேல் நகர்த்தும் முறை ஒன்று ஒரு காலத்தில் பரவியது. 1990களில் நடந்த சோதனைகளில், வெளிப்பட்டவை உதவியாளரின் சொற்களே என்று தெரிந்தது. பலகையை எதிரே பிடிக்கலாம், உடலுக்குத் தாங்கல் கொடுக்கலாம். தேர்வு குழந்தையுடையதாகவே இருக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'தொடர்பு' என்பதற்குத் தரும் விளக்கத்தில் பிரெயில், சைகை மொழி ஆகியவற்றோடு துணைநிலை, மாற்றுநிலைத் தொடர்பு முறைகளையும் சேர்த்தது. பேச்சுக் குறைபாடுடையோருக்கு இம்முறைகளைக் கல்வியில் ஊக்குவிப்பது அரசின் கடமை என்றும் அது கூறுகிறது. நம் மாநிலத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் உள்ளனர். பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவர் வசதியும் உண்டு. ஆனால் பள்ளியில் ஆண்டு முழுவதும் யாரிடமும் எதுவும் சொல்லாத பிள்ளை, தேர்வன்று எழுதுபவரிடம் எதைச் சொல்லும்? சலுகை பயன்பட வேண்டுமானால் பேச்சு முதல் வகுப்பிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

முடிவுரை

ஃபேர்லேண்ட்ஸில் ஸ்ரீ சாரதா கல்வியியல் கல்லூரி போன்ற ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் உள்ளன. நம் கல்லூரியில் பட்டம் பெற்று அங்கெல்லாம் செல்வோர், கரும்பலகையில் எழுதப் பழகுவதோடு இந்தச் சிறு பலகையில் பேசவும் பழகுவார்களாக! ஓர் அட்டை, சில படங்கள், ஒட்டும் பசை ஆகியவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அரிய பொருள் பொறுமை ஒன்றுதான். அதை ஆசிரியர் தந்தால், இதுவரை கேள்விக்கு மட்டும் கண்ணசைத்த பிள்ளை ஒரு நாள் 'ஏன்?' என்ற கட்டத்தைத் தானாகத் தொடும். அன்று அவ்வகுப்பில் ஒரு மாணவன் கூடியிருப்பான்.